கிரில் போட்டது யார், கழுவினது யார்?

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் ஃபேஸ்புக் முழுக்க குர்பானி இறைச்சியும் கரண்ட் கிரிலும் நாங்களும்தான். வருஷம் பூராகவும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆம்பிளைகள் நாங்கள், அன்றைக்கு மட்டும் இடுக்கியோடு நின்று படம் எடுப்போம். சாப்பிட்டு முடிந்ததும் கூட்டாளிமாரோடு வெளியே போய்விடுவோம்.

மசாலா கருகி, கொழுப்பு உறைந்த தகட்டை இரவு 11 மணிக்குச் சுரண்டுவது யார்? உம்மா. இல்லாவிட்டால் மனைவி.

போன பெருநாளில் எங்கள் வீட்டிலும் இதுதான். காய்ந்தது போகவில்லை என்று கம்பிப் பஞ்சால் உரசியதில் கறுப்புப் பூச்சு கழன்றுவிட்டது. "பார்த்துக் கழுவத் தெரியாதா?" என்று கேட்டோம். பிழை எங்களுடையது. அப்படியே போட்டுவிட்டுப் போனது நாங்கள்தானே.

உண்மையில் இது பத்து நிமிஷ வேலை. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மரக் கரண்டியால் வழித்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து விடுங்கள். ஒட்டியதெல்லாம் ஊறிவிடும். பிறகு மெதுவான ஸ்பொஞ்சால் துடைத்தால் போதும். கொதிக்கும் தகட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தகடு வளையும். கொழுப்பை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள். மெஷினைத் தண்ணீரில் அமிழ்த்தவே கூடாது.

இன்னொன்று. வாற்றை வோல்ற்றளவால் வகுத்தால் அம்பியர் வரும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். 2000 வாற்று கிரில், 230 வோல்ற்று என்றால் கிட்டத்தட்ட 8.7 அம்பியர். வீட்டுக்கு வந்தால் அதையே பழைய 5 அம்பியர் உருண்டை பிளக்கில், ரைஸ் குக்கரோடு சேர்த்து மல்டி பிளக்கில் குத்துகிறோம். வயர் சூடாகி உருகினால் அடுப்படியில் நிற்பதும் அவர்கள்தான். கிரிலுக்கு 13 அம்பியர் பிளக் பொயின்ட் தனியாக வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் உதவினார்கள் என்று பயானில் கேட்டுத் தலையாட்டுகிறோம். குர்பானி இறைச்சியை மூன்று பங்கு வைக்கிறோம். வேலையை இரண்டு பங்காவது வைக்கக் கூடாதா?

வருகிற பெருநாளைக்குச் சுட்ட இறைச்சியைப் படம் போடுகிறவர்கள், கழுவித் துடைத்த தகட்டையும் போடுங்கள். முதல் லைக் எங்களுடையது.