சித்திரை வெயிலில் ஒரு சதுர அடி

மாண்புமிகு கால்நடை பராமரிப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பழனி வட்டம் நெய்க்காரப்பட்டிப் பக்கம் கறிக்கோழி வளர்க்கிறேன். 200 அடி நீளம், 25 அடி அகலத்தில் ஒரே ஒரு கொட்டகை. குஞ்சு, தீவனம், மருந்து ஒப்பந்தம் போட்ட கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், தண்ணீர், உழைப்பு எங்களுடையது. எத்தனை குஞ்சு இறக்குவது என்பதை மட்டும் நாங்கள் சொல்ல முடியாது.

போன சித்திரையில் ஒரு மத்தியானம். 36ஆம் நாள் கோழி, இரண்டு கிலோவை நெருங்கிவிட்டது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். நெருக்கமாகக் கிடந்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு ஏறும், நடுவே காற்று நுழையாது. கூரையில் தென்னங்கீற்று போட்டோம். படுதாவைச் சுருட்டினோம். தண்ணீர் தெளித்தோம். படுத்த கோழிகளை மெல்ல எழுப்பி நடக்க விட்டோம். அப்படியும் பொழுது சாயும்வரை செத்ததைப் பொறுக்கிக்கொண்டே இருந்தோம். அன்றிரவு என் மனைவி சாப்பிடவில்லை. பிழைத்தவை தீவனம் எடுக்காமல் எடை குறைந்தன. அது வளர்ப்புக் கூலியில் கழிந்தது.

மழைக்காலத்தில் தரையில் பரப்பிய தேங்காய் நார்க்கழிவு நனைந்து கட்டிபிடித்தால் அமோனியா கிளம்பும். நிற்கிற நமக்கே கண் எரிகிறது. தரையோடு கிடக்கும் கோழிக்கு எப்படி இருக்கும்? பாதம் புண்ணானால் தீவனத்தட்டுவரை நடக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு விதிப்படி சதுர மீட்டருக்கு 33 கிலோவுக்கு மேல் கோழி கூடாது. 39 கிலோ வரை போக வேண்டுமானால், அமோனியா 20 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. வெளியே நிழலில் 30 டிகிரிக்கு மேல் போனால், உள்ளே அதைவிட 3 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. கொட்டகை எவ்வளவு சூட்டைத் தாங்குமோ அதற்கேற்ற எண்ணிக்கை என்ற அந்த முறையைத்தான் கேட்கிறேன். நம் சட்ட ஆணையமும் 2017 ஜூலையில், தன் 269ஆம் அறிக்கையில், கறிக்கோழிக்கு வரைவு விதிகள் எழுதித் தந்தது.

சதுர அடிக்கு ஒரு கோழி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். திறந்த கொட்டகைக்குக் கோடையில் அது போதாது. பங்குனி முதல் வைகாசி வரை குஞ்சைக் குறைத்து இறக்கவும், அதனால் எங்கள் கூலி குறையாமலிருக்கவும் ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்யுங்கள். மின்விசிறிக்கும் புகைபோலத் தெளிக்கும் குழாய்க்கும் குறைந்த வட்டியில் கடன் கொடுங்கள். உடுமலைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வெப்பமானியோடு மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் கொட்டகைக்கு வரட்டும்.

அடுத்த கோடைக்கான குஞ்சு பங்குனியில் இறங்கும். அதற்கு முன்பு உங்கள் உத்தரவு வர வேண்டும்.

பணிவுடன்,
நெய்க்காரப்பட்டிக் கோழிப்பண்ணை விவசாயி