பார்த்தீனியமும் புறம்போக்கும்

அந்நிய நாட்டுக் களைகளுள் பார்த்தீனியத்தைப் போல் குடியானவர்களுக்குத் தொல்லை விளைவிப்பவை சிலவே. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இச்செடி, 1955-ஆம் ஆண்டில் புனாவில் காணப்பட்டுப் பின்னர் தேசமெங்கும் பரவியது. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். இதைத் தின்ற மாட்டின் பால் கசக்கும். தொடுவோர் சிலருக்குத் தோலில் அரிப்பும், மகரந்தத்தால் மூச்சிரைப்பும் உண்டாகும்.

மிராசுதார் தம் பட்டா நிலத்தைச் சுத்தம் செய்துவிட்டு, வாய்க்கால் கரையையும் சாலையோரத்தையும் தமக்குச் சம்பந்தமற்றவையென விட்டுவிடுகின்றனர். மறு மழைக்கு அங்கிருந்தே விதை வயலுக்குள் வந்து சேர்கிறது. செலவழித்த கூலி வீணாகிறது. ஆகவே புறம்போக்கைச் சுத்தம் செய்யாத கிராமத்தில் தனியொருவர் முயற்சி பலனளிக்காது.

பூச்சிகளே களையை அழித்துவிடும் என்று காத்திருப்பதும் தகாது. 1926-இல் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட கொச்சினீல் பூச்சி சப்பாத்திக்கள்ளியைப் பெரிதும் அழித்தது மெய்யே. ஆனால் பார்த்தீனியத்துக்கென 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட மெக்ஸிகோ வண்டோ, மழைக்காலத்தில் தழையைத் தின்று, வறட்சியில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடுகிறது. அது மனிதர் வேலைக்குத் துணையேயன்றி மாற்றாகாது.

மழை பெய்து மண் ஈரமாயிருக்கையில், பூக்குமுன், கையுறையணிந்து செடியை வேரோடு பிடுங்குதலே உத்தமம். பூக்காத செடியை மக்கவைத்து எருவாக்கலாம். பூத்ததை எருக்குழியில் இடலாகாது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியாரும் நிலச்சுவான்தார்களும் ஒரே வாரத்தில், பட்டாவென்றும் புறம்போக்கென்றும் பாராது, இவ்வேலையை முடிப்பார்களாயின் நலம். இவ்வாண்டு நகத்தால் கிள்ளத் தயங்குவோர் வரும் ஆண்டுகளில் கோடரியைத் தேடவேண்டி வரும்.