வாளியைச் சோதிக்காமல் தொட்டியில் ஊற்றலாமா?



பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இக்காட்சி மறந்திருக்காது. பால் வெட்டி முடித்தவர்கள் வாளிகளோடு பால் கொட்டகை முன் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் பாலையும் கிராணி நிறுப்பார். மானியை மிதக்கவிட்டு நீர் கலந்திருக்கிறதா எனப் பார்ப்பார். அதன் பிறகே பெரிய தொட்டியில் ஊற்ற விடுவார். முப்பது ஆண்டுகள் வெட்டியவரானாலும், நேற்றுப் பெயர் பதிந்தவரானாலும் சோதனை ஒன்றுதான். தொட்டியில் கலந்தபின் குறை யாருடைய வாளியில் என்று எவரால் சொல்ல இயலும்?

அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனைக்காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆனால் அந்த வரிசை கற்பித்த பாடம் இன்று கணினி உலகிற்குத் தேவைப்படுகிறது.

நாம் பயன்படுத்தும் ஃபயர்பாக்ஸ், லிப்ரெ ஆபீஸ், மூடுல் போன்றவை திறமூல மென்பொருள்கள். இவற்றின் நிரலை எவரும் படிக்கலாம். பிழை கண்டால் 'பேட்ச்' எனப்படும் திருத்தத்தை எழுதி அனுப்பலாம். அதை ஏற்பதா, மறுப்பதா என்பதைப் பராமரிப்பாளர் முடிவு செய்வார். "பலர் பார்க்கிறார்கள், ஆகவே பாதுகாப்பானது" என்று நம்மில் பலர் நம்புகிறோம். எவரும் பார்க்கலாம் என்பது வேறு, எவரோ பார்த்தார் என்பது வேறு!

2024-இல் உலகம் இதை நேரில் கண்டது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்-இசட்' என்னும் சிறு மென்பொருள் லினக்ஸ் கணினிகள் பலவற்றில் உள்ளது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கோலின் அதை ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். 2021-இல் 'ஜியா டான்' என்னும் பெயரில் ஒருவர் நல்ல திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022-இல் வேறு சில பெயர்களில், "வேலை தாமதமாகிறது, வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்" என்று கோலினுக்கு நெருக்குதல் வந்தது. அவரோ மனநலச் சிக்கலால் சோர்ந்திருந்தார். படிப்படியாகப் பொறுப்பு டானின் கைக்குப் போனது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கான புறவாசல் ஒன்று மறைந்திருந்தது.

எங்கே மறைந்திருந்தது? மனிதர் படிக்க இயலாத சோதனைக் கோப்புகளுக்குள்! அதை இயக்கிவிடும் வரியோ, எல்லாரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். 'போகட்டும்' என்று விடாமல் துருவிப் பார்த்து, மார்ச் 29-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலோர் பயன்படுத்தும் நிலைத்த பதிப்புகளுக்குச் செல்லுமுன் ஆபத்து தடுக்கப்பட்டது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் துருவ முடிந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இன்னொன்றும் நம் சிந்தனைக்குரியது. டான் என்னும் குடும்பப்பெயர் ஈப்போவில் எவருக்கும் பழக்கமானது. அவருடைய பதிவுகளில் பெரும்பாலானவை காட்டிய கடிகாரமும் நம் மலேசிய நேரத்திற்குரியது. கோலினை நெருக்கிய பெயர்களில் ஒன்று 'குமார்' என்று முடிந்தது. பெயரையும் எழுதலாம், கடிகாரத்தையும் மாற்றலாம். அவர் யார் என்பது இன்றளவும் வெளிப்படவில்லை. ஆகவே பெயரையும் இனத்தையும் பார்த்து நம்புவதும் தவறு, ஐயுறுவதும் தவறு. வாளியில் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும்.

திருத்தத்தைச் சோதிப்பவர் கேட்க வேண்டியவை என நான் கருதுவன:

1. சொன்ன மாற்றமும் செய்த மாற்றமும் ஒன்றுதானா?
2. படிக்க இயலாத கோப்பு எதற்காக வந்தது? எப்படி உருவானது?
3. வெளியிடும் பொதியும் மூலநிரலும் ஒத்துள்ளனவா?
4. ஏன் இந்த அவசரம்? நெருக்குபவர் யார்?
5. எழுதியவரைத் தவிர இன்னொருவர் வரிவரியாகப் படித்தாரா?

சோதிப்பது அவமதிப்பு ஆகாது. 2014-இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' ஓட்டை, 2011 இறுதியில் ஏற்கப்பட்ட ஒரு திருத்தத்தில் நேர்ந்த பிழை. எழுதியவர் தீயவர் அல்லர். சோதித்தவரும் கவனிக்கத் தவறினார். நல்லவர்க்கும் கை தவறும்.

"தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேலாயுதத்தைக் கொடுத்தான். ஓர் ஒற்று பொருளையே மாற்றிவிடுவதை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம் அல்லவா? 2003 நவம்பரில் லினக்ஸ் கருநிரலின் நகல் ஒன்றில் எவரோ நுழைத்த வரியும் இத்தகையதே. இரண்டு சமக்குறி இருந்தால் 'இவர் தலைமை நிருவாகியா?' என்று கேட்கும் வரி அது. ஒரே சமக்குறி இட்டதால் 'இவரைத் தலைமை நிருவாகி ஆக்கு' என்றானது. ஒப்புதல் பதிவு இல்லாத வரி என்பதால் விரைவில் பிடிபட்டது. ஒற்றுப்பிழை பார்க்கப் பழகிய தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு இந்தக் கண் எளிதில் வாய்க்கும் என்பது என் உறுதியான கருத்து.

எனவே ஆசிரியர்களே, பிள்ளைகள் ஸ்க்ராட்ச்சில் நிரல் எழுதும்போது ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து விளக்கச் செய்யுங்கள். விளக்க முடியாததைச் சேர்க்க வேண்டாம் என்பதே விதியாகட்டும். பெற்றோர்களே, மென்பொருளை அதன் உரிய தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் விசைப்பலகை, எழுத்துரு, அகராதி என்று ஊதியமின்றி உழைப்போரை 'ஏன் இன்னும் முடிக்கவில்லை?' என்று விரட்டாதீர்கள். சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள். இயன்றால் தோள் கொடுங்கள். கோலின் தனியாக நின்றதால்தான் புறவாசல் திறந்தது. தொட்டிப் பாலை இலவசமாகப் பெறும் நாம், மானியைப் பிடிக்க ஒரு கையாவது தர வேண்டாமா?

சிந்திப்போம், செயல்படுவோம்.