தோல்வியும் ஒரு விடையே

ஒரு நோய்க்கென ஆக்கப்பட்ட மருந்து பிறிதொரு நோய்க்கும் உதவுமோ என வினவுதல் அறிவுடைமை; சோதியாது உதவும் எனச் சாற்றுதல் அறிவின்மை. இவ்வேற்றுமையை நம் மாணாக்கர் உணர்தல் வேண்டும். தமிழாசிரியனுக்கு மருத்துவ ஆராய்ச்சி எற்றுக்கு என அன்பர் சிலர் வினவலாம். சொல்லையும் பொருளையும் ஆராய்ந்து கொள்ளுமாறு கற்பிப்பவனுக்கு இதுவும் உரிய பணியே.

1973ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களை ஆராய்ந்து, கொலஸ்திரோல் ஆக்கத்தைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டார். அவ்வழி வந்தவையே ஸ்ரற்றின் எனப்படும் மருந்துகள். எச்.ஐ.வி. வைரசோ, தான் குடிபுகுந்த கலத்தை விட்டு வெளியேறும்போது அக்கலத்தின் மென்சவ்விலிருந்தே தனக்குப் போர்வை கொள்கின்றது. அப்போர்வை கொலஸ்திரோல் செறிந்தது. ஆதலின், அதன் ஆக்கத்தைத் தடுப்பின் வைரசும் தளருமன்றோ எனச் சிலர் கருதினர். 2004இல் ஸ்பானிய ஆய்வாளர் ஆறு நோயாளருக்கு ஒரு மாதம் லோவஸ்ரற்றின் கொடுத்து, வைரசின் அளவு குறையக் கண்டனர்.

உள்ளம் களிக்கும் செய்திதான். ஆயின் அறுவர் உலகமாகார். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வைரசெதிர் மருந்து உட்கொள்ளாத நோயாளர்க்கு அற்றோவஸ்ரற்றினும் போலிக் குளிசையும் மாறி மாறிக் கொடுக்கப்பட்டன. எது எப்போது என்பதை நோயாளரும் அறியார், மருத்துவரும் அறியார். முடிவில் வைரசின் அளவு குறையவில்லை. நோயெதிர்ப்புக் கலங்களின் மிகைக்கிளர்ச்சி மட்டுமே ஓரளவு தணிந்தது.

இதனை வகுப்பிற் கூறியபோது, "அப்படியாயின் அம்முயற்சி வீண்தானே, ஐயா?" என்றான் ஒரு மாணவன். வீணன்று. வைரசு மருந்தால் அடங்கியிருப்போர்க்கும் உடலின் அழற்சி முற்றாக ஓய்வதில்லை. அவர்க்கு இருதய நோய் ஏனையோரினும் மிகுதி. எனவே வினா மாற்றப்பட்டது. 2015இல் தொடங்கிய பெருஞ்சோதனையில், இந்தியா உட்பட 12 நாடுகளைச் சேர்ந்த, 40 முதல் 75 வயது வரையான 7,769 பேர் பங்கு கொண்டனர். வைரசெதிர் மருந்தோடு ஒரு சாரார்க்குப் பிற்றவஸ்ரற்றினும் மறு சாரார்க்குப் போலிக் குளிசையும் கொடுக்கப்பட்டன. மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய பெருங்கேடுகள் முற்சாராரிடையே 35 வீதம் குறைந்தன என 2023இல் அறிவிக்கப்பட்டது. வைரசை வெல்லாத மருந்து நோயாளரின் இருதயத்தைக் காத்தது.

இதிலிருந்து நான் வற்புறுத்துவன இரண்டு. நற்செய்தியை முழக்குமளவிற்குத் தோல்வியையும் முழக்குதல் வேண்டும். முதற் செய்தியை மட்டும் கேட்டு, வைரசெதிர் மருந்தை விடுத்து ஸ்ரற்றினை நம்புவோன் உயிரையே இழக்க நேரும். அம்மருந்தை நிறுத்தின் வைரசு மீண்டும் பெருகும் என்பது ஐயமற்ற உண்மை. இரண்டாவது, நம் பழைய மாணவருள் மருத்துவர் பலர் உளர். இத்தகைய செய்திகளை ஆய்ந்து, எளிய தமிழில் நம் மக்களுக்கு எழுதுதல் அவர்தம் கடன். மருத்துவமனையில் எழுதும் மருந்துச்சீட்டு ஒருவரைக் காக்கும்; தமிழில் எழுதும் ஒரு பக்கம் ஊரையே காக்கும்.

மாணவர்காள், விடை நாம் விரும்பியவாறு அமையாதபோதும் அதனை மறையாது உரைப்பதே கல்வியின் பயன். அந்நேர்மையை இக்கல்லூரியில் நீவிர் பெற்றுச் செல்வீராயின், ஆசிரியராகிய எமக்கு அதனினும் பெரிய விழா வேறில்லை.