புயல் கூண்டு 3 தெரியும்... பனிச்சரிவு எச்சரிக்கை 3 தெரியுமா? சுற்றுலா போகும் முன் படிங்க!

காரைக்கால் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், திடீர்க் காற்றோடு மழை வரலாம் என்று அர்த்தம். மீனவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். ஆனால் ஊருக்குள் கடை, பஸ் எல்லாம் வழக்கம்போல ஓடும். 11 வரை எண் இருப்பதால், 3 என்றால் பெரிய பதற்றம் இருக்காது.

குல்மார்க், மணாலி என்று பனி பார்க்கக் கிளம்புபவர்கள், அங்கே 'பனிச்சரிவு அபாயம்: நிலை 3' என்ற அறிவிப்பையும் இப்படியே எடுத்துக்கொள்ளலாமா? கூடாது.

யார் எச்சரிக்கிறார்கள்?

டிஆர்டிஓ-வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ ஆய்வகம். எந்த மாவட்டம், எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்துக்கு என்ன நிலை என்று அறிவிப்பில் இருக்கும். அபாய அளவு மொத்தமே 1 முதல் 5 வரைதான்.

3 ஏன் ஆபத்து?

நாம் கடலில் இறங்குவதால் புயல் உருவாவதில்லை. பனிச்சரிவு அப்படியில்லை. பழைய பனிமேல் புதுப்பனி விழும்போது, நடுவில் சர்க்கரை மாதிரி ஒட்டாத அடுக்கு இருந்தால், செங்குத்தான சரிவில் மேல் அடுக்கு வழுக்கத் தயாராக நிற்கும். நிலை 3-ல் ஒரே ஒரு ஆளின் எடை விழுந்தாலே அது உடையலாம்.

சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு உயிரிழப்புகளில் சுமார் பாதி, நிலை 3 அறிவிக்கப்பட்ட நாட்களில் நடந்தவை. காரணம் எளிது. 4, 5 என்றால் மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 3 என்றால் 'பார்த்துக்கலாம்' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

எச்சரிக்கை இருந்தும் நடந்தது

2025 பிப்ரவரி 28 அதிகாலை, உத்தராகண்டின் மானா கிராமம் அருகே எல்லைச் சாலை அமைப்பின் முகாம்மீது பனி சரிந்தது. சிக்கிய 54 தொழிலாளர்களில் 46 பேர் மீட்கப்பட்டனர். 8 பேர் உயிரிழந்தனர். அந்த முகாம் இருந்த சமோலி மாவட்டத்துக்கு முந்தைய நாள் மாலையே எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரிக்கை மட்டும் யாரையும் காப்பாற்றாது. இடம் மாறினால்தான் உயிர் தப்பும்.

சிக்கினால் எவ்வளவு நேரம்?

சுமார் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று குறைகிறது. 2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 10 வீரர்கள் புதைந்தனர்; அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். 6 நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-ல் டெல்லி மருத்துவமனையில் உயிரிழந்தார்.

சுற்றுலா போறீங்களா?

* கிளம்பும் அன்றைக்கு மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்க. எண்ணோடு உயரத்தையும் கவனிங்க.
* புதுப்பனி கொட்டிய மறுநாள் செங்குத்துச் சரிவில் ஏறாதீங்க. அதன் அடிவாரத்தில் நின்று செல்ஃபியும் வேண்டாம்.
* கயிறு கட்டித் தடுத்த எல்லையைத் தாண்டாதீங்க.
* உள்ளூர்க்காரர் 'இன்னைக்கு வேண்டாம்' என்றால், கூண்டு பார்த்துப் படகைக் கரையேற்றும் மீனவர் மாதிரி, திரும்பிடுங்க.