மருந்து முறிஞ்சு போச்சா?



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம், கடைசி பெஞ்சுக்காரன். "சார், கரையானுக்காக நிலத்துல குளோர்பைரிபாஸ் ஊத்தி நாலு மாசம் ஆச்சு. எல்லாம் முறிஞ்சிருக்கும்னு கடைக்காரர் சொல்றார். தண்டுக்கீரை போட்டு இயற்கைக் கீரைன்னு விக்கலாமா?" கூடாது என்றேன். காரணத்தைப் போனில் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் நான் செய்து காட்டிய சோதனை நினைவிருக்கிறதா? ஒரு புட்டியில் ஆற்று மணல், இன்னொன்றில் கரிசல் மண். இரண்டிலும் மெத்திலீன் நீலக் கரைசலை ஊற்றுவேன். மணலிலிருந்து நீலமாக இறங்கும். கரிசலிலிருந்து சொட்டும் நீரில் நிறமே இருக்காது. "நீலம் எங்கே?" என்றால், "காணாமப் போச்சு சார்" என்பீர்கள். எங்கே போனது? மண்ணைப் பிடித்துக்கொண்டு உள்ளேயேதான் இருந்தது.

குளோர்பைரிபாஸும் தண்ணீரில் லேசில் கரையாது. களியிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை நுண்ணுயிர்கள் சுலபமாகத் தின்ன முடியாது. பயிருக்கு அடிக்கும் அளவிலேயே அது பாதியாகக் குறைய சில வாரம் முதல் சில மாதம் ஆகும். பாதியாகத்தான், முழுசாக அல்ல! கரையானுக்கென்று கெட்டியாக ஊற்றினால் வருடக்கணக்கில்கூட இருக்கும். முறிந்து உண்டாகும் பொருளோ மண்ணில் அவ்வளவாக ஒட்டாமல் தண்ணீரோடு நகரும். மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் அறுவடைக்கான கணக்கு. அதை மண்ணுக்கும் சேர்த்துச் சொல்வதுதான் கடைக்காரர்கள் செய்கிற தப்பு.

ஒட்டியிருக்கும்வரை செடிக்குள் அதிகம் ஏறாது என்பதும் உண்மைதான். ஆனால் தண்டுக்கீரையை நாம் வேரும் மண்ணுமாகத்தானே பிடுங்கிக் கட்டுகிறோம்?

என் அப்பா பி.எச்.சி. தூளை வெறுங்கையால் தூவியவர். அந்தக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து பழையது சாப்பிடுவார். 1997-ல் அதைத் தடை செய்தார்கள். தண்ணீர் கட்டிய நஞ்சைச் சேற்றில் காற்று இல்லாததால் அது கொஞ்சம் சீக்கிரம் சிதையும். புஞ்சையில் அப்படியில்லை. அதே அப்பா, அதே தூள், ஆனால் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் வேறு கணக்கு.

மண்ணும் சும்மா இருப்பதில்லை. டயசினான் போட்ட பிலிப்பைன்ஸ் நெல் வயலில் அந்த மருந்தையே சிதைக்கும் பாக்டீரியாவை நம் நாட்டு விஞ்ஞானி சேதுநாதன் கண்டுபிடித்து 1973-ல் எழுதினார். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் இப்படிப்பட்டவை பெருகி, பூச்சி சாகுமுன் மருந்தைத் தின்றுவிடும். "மருந்து கேக்கல" என்று நாம் அளவைக் கூட்டுவோம்.

தம்பி, இந்தப் பட்டம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழு. தொழுவுரம் போடு. பிறகு மண்ணை எடுத்து மருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பு. இயற்கை விவசாயச் சான்றுக்கே ஒரு பருவப் பயிர் நிலத்துக்கு இரண்டு வருடம் மாறுகாலம் கேட்கிறார்கள். நீ நாலு மாசத்தில் போர்டு மாட்டலாமா? வீட்டுக்கு இப்போதே கீரை வேண்டுமென்றால் மாடியில் தொட்டி வை. அதற்கு அந்த வயல் மண்ணை அள்ளிக்கொண்டு வந்துவிடாதே.