சர்ச்சை வீரர் கரைசேர்ப்பாரா?

புள்ளிப் பட்டியலின் அடியில் ஒரு கால்பந்து அணி தவிக்கும்போதெல்லாம் தவறாமல் ஒரு யோசனை கிளம்பும்: கெட்ட பெயர் இருந்தால் என்ன, ஆடத் தெரிந்தவரைக் கூட்டிவாருங்கள். பிரிட்டிஷ் கால்பந்தில் இதற்கு மூன்று நியாயங்கள் சொல்கிறார்கள். நடந்ததை வைத்துப் பார்த்தால் மூன்றுமே நிற்கவில்லை.

முதல் நியாயம், கெட்ட பெயரோடு வந்த எரிக் கன்டோனா. 1992 நவம்பரில் லீட்ஸிடமிருந்து 12 லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கிய மான்செஸ்டர் யுனைடெட், அந்தப் பருவத்திலேயே 26 ஆண்டு காத்திருந்த லீக் பட்டத்தை வென்றது. மறுப்பதற்கில்லை. ஆனால் அது தத்தளித்த அணி அல்ல. முந்தைய பருவத்தில் இரண்டாம் இடம் பிடித்த அணி. கோல்கீப்பராக பீட்டர் ஷ்மைக்கேல், தடுப்பாட்டத்தில் ஸ்டீவ் புரூஸ், கேரி பாலிஸ்டர், இடது ஓரத்தில் ரயன் கிக்ஸ் என எல்லாம் அமைந்திருந்தது. அப்படிப்பட்ட அணிக்கே 1995இல் அடி விழுந்தது. ஜனவரியில் ரசிகர் ஒருவரை எட்டி உதைத்த கன்டோனாவுக்கு செப்டம்பர் இறுதிவரை தடை. அந்தப் பருவத்தின் பட்டம் ஒரே புள்ளி வித்தியாசத்தில் பிளாக்பர்னுக்குப் போனது. யுனைடெட் தாங்கிக்கொண்டது. கடைசி இடத்தில் கிடக்கும் அணியால் முடியுமா?

இரண்டாவது நியாயம்: இப்படிப்பட்டவர்கள் மலிவாகக் கிடைப்பார்கள்.

2011இல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியிருந்த குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு ஜோயி பார்ட்டன் மாற்றுக் கட்டணமே இல்லாமல் கிடைத்தார். அடிதடி வழக்கில் சிறை சென்று வந்தவர். அவரையே கேப்டனும் ஆக்கினார்கள். 2012 மே 13, பருவத்தின் கடைசி நாள். மான்செஸ்டர் சிட்டியுடன் ஆட்டம் 1-1. கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் அபாயம் தலைக்கு மேல். 55ஆவது நிமிடம் கார்லோஸ் டெவஸை முழங்கையால் இடித்து பார்ட்டன் சிவப்பு அட்டை வாங்கினார். வெளியேறும் வழியில் செர்ஜியோ அகுவேரோவை முழங்காலால் தாக்கினார். மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடிய அணி 3-2 எனத் தோற்றது. அது தப்பியதற்குக் காரணம் வேறொரு மைதானத்தில் போல்டன் வெல்லாமல் போனதுதான். பார்ட்டனுக்கு 12 ஆட்டத் தடை. அடுத்த பருவம் அவர் கடனுக்கு மார்செய் போனார். ரேஞ்சர்ஸ் கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது. அந்த இறக்கத்துக்கு அவர் மட்டுமே காரணமல்ல. ஆனால் மலிவு என்று எண்ணி எடுத்தவருக்காக எவ்வளவு விலை கொடுக்க நேர்கிறது என்பதை அந்த ஒரு பிற்பகல் காட்டிவிட்டது.

மூன்றாவது நியாயம்: சொந்த வாழ்க்கை வேறு, ஆட்டம் வேறு.

2022 ஜனவரி 31 அன்று ஸ்காட்லாந்தின் ரெய்த் ரோவர்ஸ் டேவிட் குட்வில்லியை ஒப்பந்தம் செய்தது. அவர் ஒரு பெண்ணை வன்புணர்ந்தார் என்று 2017இல் சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இது கால்பந்து சார்ந்த முடிவு என்றது கிளப். ஸ்பான்சரும் நாவலாசிரியருமான வால் மெக்டெர்மிட் ஆதரவை விலக்கிக்கொண்டார். அவருடைய அப்பா அந்த கிளப்புக்காக வீரர்களைத் தேடிக் கொடுத்தவர். பெண்கள் அணியின் கேப்டன் விலகினார். பிறகு அந்த அணியே கிளப்பை விட்டுப் பிரிந்து போனது. சில நாள்களில் கிளப் பின்வாங்கியது. குட்வில்லி ரெய்த்துக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

திருந்தியவருக்கு மறுவாய்ப்பு தரக் கூடாதா என்று கேட்கலாம். தரலாம். அதற்குப் பொறுமையும் கண்காணிப்பும் வேண்டும். அடுத்த சனிக்கிழமை வென்றே தீர வேண்டிய அணியிடம் இரண்டும் இருக்காது. அப்படித் தவிக்கும் கிளப்பின் நிர்வாகிகள் கையெழுத்திடும் முன் தங்கள் கேப்டனையும் பெண்கள் அணியையும் சீசன் டிக்கெட் வாங்கும் ரசிகர்களையும் கூப்பிட்டுக் கேட்கட்டும். அவர்கள் வேண்டாம் என்றால், அந்தச் சம்பளத்தில் ஒழுங்காகப் பயிற்சிக்கு வரும் தடுப்பாட்டக்காரர் ஒருவரை எடுக்கலாம்.